எத்தனை அங்குலத்தில் நிறுத்துவது?

டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் ஐந்தடி ஸ்லாஷர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கத்தித் தண்டு நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்றால், கத்தி முனை ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 4.7 மீட்டர் ஓடுகிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் வரும். இந்த வேகத்தில் பறக்கும் பட்டை இரும்புக்கும் தோப்பு மண்ணுக்கும் நடுவில் இருப்பது சில அங்குல இடைவெளிதான். அது இரண்டு அங்குலமா, ஆறு அங்குலமா என்பதைக் கருவி செய்த கம்பெனி முடிவு செய்து அனுப்புவதில்லை. மாட்டி ஓட்டுகிறவர்தான் முடிவு செய்கிறார், அதுவும் பெரும்பாலும் கண்மதிப்பில்.

ஸ்லாஷர், புதர்வெட்டி என்றெல்லாம் சொல்லப்படும் இந்தக் கருவியில் சிக்கலான பாகங்கள் அதிகம் கிடையாது. மேலே கனத்த தகட்டில் ஒரு கூடு, அதன்மேல் கியர்பாக்ஸ், அடியில் இரண்டு கத்திகள், பின்னால் ஒற்றைச் சக்கரம். டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றில் தரும் சுழற்சியைக் கியர்பாக்ஸ் கூட்டிக் கத்திக்கு அனுப்புகிறது. கத்திகளுக்குச் சவரக் கூர்மை கிடையாது, தேவையும் இல்லை. கனமும் வேகமும் சேர்ந்து செடியை அடித்தே முறிக்கின்றன. ஒவ்வொரு கத்தியும் ஒற்றை போல்ட்டில் தொங்குவதால், கட்டையில் மோதினால் பின்னுக்கு மடங்கும். சுழற்சியின் வேகத்தில் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். பல மாடல்களில் கத்திகளைத் தாங்கும் தண்டின் அடியில் அகலமான குழித்தட்டு ஒன்றும் இருக்கும். எதிர்பாராமல் அடிக்கட்டை குறுக்கிட்டால் கருவி அந்தத் தட்டின்மேல் சறுக்கி ஏறிக் கடந்துவிடும்.

“கொஞ்சம் ஒட்ட ஓட்டுங்க தம்பி.” ஸ்லாஷர் வாடகைக்கு வரும் நாளில் தோப்புக்காரர்கள் டிரைவரிடம் சொல்வது பெரும்பாலும் இதுதான். வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. காசு கொடுத்து வெட்டுவதை அடியோடு வெட்டிவிட்டால் அடுத்த ஓட்டு இரண்டு மாதமாவது தள்ளிப்போகும் என்பது கணக்கு. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் புல்லும் மண்ணும் கியர்பாக்ஸும் இந்தக் கணக்குக்கு ஒத்துவருவதில்லை.

முதலில், உயரத்தைப் பிடித்து நிறுத்துவது எது? சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹைட்ராலிக் லிவர் என்றுதான் பலரும் சொல்வார்கள். அது பாதிப் பதில்.

வட அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய மூன்று புள்ளி இணைப்பு, 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு பெரிய அளவில் பரவியது. கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க் என்ற அந்த அமைப்புதான் இன்றும் நம் ஊர் டிராக்டர்களின் முதுகில் இருக்கிறது. ஆனால் ஃபெர்குசனின் மனத்தில் இருந்தது கலப்பை. மண் இறுகி இழுவை கூடினால் ஹைட்ராலிக் தானாகவே கலப்பையைச் சற்றுத் தூக்கும், மண் இளகினால் இறக்கும். இதைத்தான் டிராஃப்ட் கன்ட்ரோல் என்கிறார்கள். மண்ணுக்குள்ளேயே இறங்காத ஸ்லாஷருக்கு இதனால் என்ன பயன்? லிவரை எங்கே நிறுத்துகிறோமோ அந்த உயரத்தில் கைகள் நிற்கும் வசதி, அதாவது பொசிஷன் கன்ட்ரோல், ஃபோர்டில் 1947-இல் வந்த 8என் மாடலில்தான் சேர்ந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1951-இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள செல்மா என்ற ஊரிலிருந்து ‘புஷ் ஹாக்’ என்ற பெயரில் டிராக்டர் புதர்வெட்டி சந்தைக்கு வந்தது. எந்தக் கம்பெனி செய்த புதர்வெட்டியையும் அந்தப் பெயராலேயே அழைக்கும் அளவுக்கு அமெரிக்கக் கிராமங்களில் அது பரவிவிட்டது. அப்போது பழைய 9என் வைத்திருந்தவர்களுக்குக் கருவியைத் தூக்கவும் இறக்கவும் முடிந்ததே தவிர, நடுவில் ஓர் உயரத்தில் நிறுத்த வழியில்லை. டாப் லிங்க் மாட்டும் இடத்திலிருந்து கீழ்க்கைகளுக்கு இரண்டு சங்கிலிகளைத் தொங்கவிடுவதுதான் அவர்களுக்குக் கைகொடுத்த ஏற்பாடு. லிவரை முழுதாக இறக்கினாலும் சங்கிலி அனுமதிக்கும் வரைதான் கைகள் இறங்கும். ஒரு கண்ணி கூட்டினால் உயரம் குறையும், ஒரு கண்ணி குறைத்தால் கூடும். புது டிராக்டர்களிலும் இந்தச் சங்கிலியை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. சீல் தேய்ந்த ஹைட்ராலிக்கில் கைகள் இறங்குவதும் ஏறுவதுமாகத் தலையாட்டிக்கொண்டே இருக்கும். சங்கிலி மாட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஃபெர்குசனின் நிறுவனம் 1953-இல் கனடாவின் மாசி ஹாரிஸோடு இணைந்தது. 1958-இல் பெயர் மாசி ஃபெர்குசன் ஆனது. அதன் தொழில்நுட்பக் கூட்டோடு 1960-இல் சென்னையில் டாஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று நம் ஊரில் ஓடும் டிராக்டர்கள் பலவற்றில் டிராஃப்ட், பொசிஷன் என்ற இரண்டு லிவர்களும் இருக்கின்றன, ஏ.டி.டி.சி. ஹைட்ராலிக் என்று விளம்பரங்களில் வருவது இந்த இரண்டும் சேர்ந்த ஏற்பாட்டைத்தான். ஸ்லாஷர் ஓட்டும்போது கை போக வேண்டியது பொசிஷன் லிவருக்கு. கலப்பை ஓட்டிப் பழகிய கை டிராஃப்ட் லிவரைத் தொட்டுவிட்டால் கருவி எந்த உயரத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இனி மீதிப் பாதி. லிவர் பிடித்து நிறுத்துவது ஸ்லாஷரின் முன்பக்கத்தை மட்டும். பின்பக்கம் உட்கார்ந்திருப்பது வால் சக்கரத்தின்மேல். இடது வலது சமநிலை, கீழ்க்கைகளைத் தாங்கும் ராடில் இருக்கிறது. நடுவில் டாப் லிங்க். இந்த நான்கும் ஒத்துப்போனால்தான் ‘ஐந்து அங்குலம்’ என்ற பேச்சுக்கே அர்த்தம்.

அளப்பதற்குச் சமதளம் வேண்டும். கொப்பரை காயவைக்கும் சிமெண்டுக் களம் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. பின்டயர் இரண்டிலும் ஒரே அளவு காற்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். ஒன்றில் குறைந்திருந்தால் அதற்குப் பிறகு அளக்கும் எல்லாமே பிசகு. பி.டி.ஓ.வை அணைத்து, என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கத்தி உடனே நிற்காது, தானாகச் சுற்றித்தான் ஓயும். அது ஓயும் வரை கிட்டப் போகக் கூடாது. ஹைட்ராலிக்கை நம்பித் தூக்கிய கருவியின் அடியில் கை வைப்பது உயிரோடு விளையாடுவது. கூட்டுக்குக் கீழே கனத்த மரக்கட்டைகளை அண்டைக் கொடுத்த பிறகே அடுத்த வேலை. ஹாலோ பிளாக் கல் பாரத்தில் திடீரென்று நொறுங்கிவிடும் என்பதால் அது கூடாது.

அளவு எடுக்க வேண்டியது கத்தி முனையிலிருந்து தரை வரை. கூட்டின் விளிம்பில் அளப்பதுதான் பலர் செய்வது. பக்கவாட்டில் தரையில் உரசிப் போகும் சறுக்குப் பட்டையை விடக் கத்தி சற்று மேலே இருக்கும்படிதான் கருவிகள் செய்யப்படுகின்றன. எனவே விளிம்பில் எடுக்கும் அளவு வேறு, வெட்டு விழும் உயரம் வேறு. கையுறை போட்டுக்கொண்டு கத்தியை இடப்பக்கம் திருப்பி ஓர் அளவு, வலப்பக்கம் திருப்பி ஓர் அளவு. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால், பெரும்பாலான டிராக்டர்களில் வலப்பக்க லிஃப்ட் ராடில் உள்ள திருகைத் திருப்பிச் சரி செய்யலாம்.

பிறகு கத்தியை முன்பின்னாகத் திருப்ப வேண்டும். இங்கே இரண்டு அளவும் சமமாக இருக்கக் கூடாது என்பதுதான் வேடிக்கை. முன்முனையை விடப் பின்முனை அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை உயர்ந்திருக்க வேண்டும் என்று கருவிகளின் கையேடுகள் பலவும் சொல்கின்றன. முன்பக்கம் தாழ்ந்திருந்தால் கத்தி வட்டத்தின் முன்பகுதி செடியை ஒருமுறை வெட்டுகிறது. வெட்டுப்பட்டது பின்னால் தடையில்லாமல் வெளியேறுகிறது. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் வெட்டிய தாளையே கத்தி திரும்பத் திரும்ப அடிக்கும். தூள் மென்மையாக வரும் என்பது உண்மை. ஆனால் என்ஜின் முக்கும், டீசல் கூடுதலாகப் போகும், அடர்த்தியான புல்லில் கூட்டுக்குள் அடைத்தே போகும்.

அதனால்தான் உயரத்தைக் கூட்ட வேண்டும் என்று தோன்றும்போது லிவரை மட்டும் தூக்குவது தவறான வழி. முன்பக்கம் ஏறும், பின்பக்கம் சக்கரத்தோடு அங்கேயே கிடக்கும், கருவி பின்னுக்குச் சாயும். முன்னால் இரண்டு அங்குலம் கூட்டினால் பின்னாலும் அதற்கு ஈடாக வால் சக்கரத்தின் பிராக்கெட்டில் துளை மாற்றி ஏற்ற வேண்டும்.

நான்காவது இடமான டாப் லிங்க்கைப் பலர் இறுக்கி முறுக்கிவிடுகிறார்கள். கலப்பைக்கு அது சரி, ஸ்லாஷருக்கு வேண்டியது சற்றுத் தொய்வு. டிராக்டரின் முன்சக்கரம் ஒரு வரப்பில் ஏறும்போது வண்டியின் மூக்கு மேலே போகிறது, பின்புறம் தாழ்கிறது. டாப் லிங்க் விறைப்பாக இருந்தால் அந்தச் சாய்வு அப்படியே கருவிக்கும் போகும். வால் சக்கரம் ஒரு நேரம் தரையில் அழுந்தும், இன்னொரு நேரம் அந்தரத்தில் தொங்கும். தொய்வு இருந்தால் டிராக்டர் எப்படி ஆடினாலும் சக்கரம் தரையை விடாது, வெட்டும் மேடு பள்ளத்துக்கு ஏற்ப இறங்கி ஏறும். பல கருவிகளில் டாப் லிங்க் மாட்டும் பட்டையே முன்னும் பின்னும் ஆடும்படி இருப்பது இதற்காகத்தான்.

எல்லாம் முடிந்ததும் ஐம்பது அடி ஓட்டி, நிறுத்தி, இறங்கி, நிற்கும் தாளை இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட வேண்டும். களத்தில் எடுத்த அளவை மண் கொஞ்சம் மாற்றிவிடும். மண் இளகிய தோப்பில் டயரும் வால் சக்கரமும் அழுந்துவதால் வெட்டு நினைத்ததை விடத் தாழ்வாகவே விழும்.

சரி, எத்தனை அங்குலம்?

இதற்குப் பதில் புல்லின் வேரிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்க வேளாண் துறையின் வெளியீடாக 1955-இல் வந்த ஃபிராங்க்ளின் கிரைடரின் ஆய்வு, புல்லின் மேல்பாகத்தை வெவ்வேறு அளவில் வெட்டி வேருக்கு என்ன ஆகிறது என்று பார்த்தது. பாதி வரை வெட்டினால் வேர் வளர்ச்சி பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. 80 சதவீதத்தை வெட்டியபோது வேர் வளர்வது முழுவதும் நின்றே போனது. மறுபடி தொடங்க நாட்கள் பிடித்தன. பத்து அங்குலப் புல்லை இரண்டு அங்குலத்துக்கு இறக்குவது என்றால் அந்த 80 சதவீதம் வந்துவிடுகிறது.

தோப்பில் இது எப்படித் தெரியும்? ஒட்ட வெட்டிய இடத்தில் புல் நோஞ்சானாகித் திட்டுத் திட்டாக மண் தெரியும். மண்ணுக்கு வெயில் பட்டதும், அதுவரை புல்லின் நிழலில் முளைக்க முடியாமல் கிடந்த களை விதைகள் கிளம்பும். வெற்று மண்ணைக் கண்டால் முதலில் குடியேறுவது பார்த்தீனியம். அதை வெட்டினாலும் அடித்தண்டின் கணுக்களிலிருந்து கிளைத்து மறுபடி பூக்கும். தோப்புக்காரர் தள்ளிப்போட நினைத்த அடுத்த ஓட்டு முன்னதாகவே வந்து நிற்கிறது. நான்கு முதல் ஆறு அங்குலம் தாள் விட்ட இடத்தில் புல் தன் இலையை வைத்துக்கொண்டே தேறுகிறது, மண்ணை மூடுகிறது, ஈரத்தைக் காக்கிறது. மேய்ச்சல் நிலங்களில் கதிர் விட்ட புல்லின் தலையைத் தட்டும்போதும் விடப்படும் தாள் ஏறக்குறைய இதே அளவுதான்.

கருவியின் பக்கமிருந்து பார்த்தாலும் பதில் இதுவே. கத்தி மண்ணைத் தொட்டால் முனை தேய்கிறது, அதைவிட மோசமாக அந்த அதிர்ச்சி தண்டு வழியாகக் கியர்பாக்ஸுக்கு ஏறுகிறது. அதைத் தடுக்கத்தான் பி.டி.ஓ. தண்டில் ஷியர் போல்ட்டோ ஸ்லிப் கிளட்சோ வைத்திருக்கிறார்கள். ஷியர் போல்ட் உடைவதற்கென்றே செய்யப்பட்டது. அது அடிக்கடி உடைகிறதே என்று கையில் கிடைத்த கெட்டி போல்ட்டைப் போட்டு முடுக்கினால் அடுத்த முறை போல்ட் பிழைக்கும், கியர் பல் போகும். ஸ்லிப் கிளட்ச் உள்ள கருவி மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்றிருந்தால் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். ஒட்டிய கிளட்ச் வழுக்காது. பாதுகாப்பு இருப்பதாக நினைத்து ஓட்டினாலும் அடி நேராகக் கியர்பாக்ஸுக்கே போகும்.

அப்படியானால் பத்து அங்குலம் வைத்துவிட்டால் நிம்மதிதானே என்றால் அதுவும் இல்லை. கூடு தரையை விட்டு உயர உயர, கல்லும் கட்டையும் வெளியே பாய்வதற்கான சந்தும் பெரிதாகிறது. மணிக்கு 220 கிலோமீட்டர் கத்தியில் பட்ட கூழாங்கல் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலை நடக்கும்போது 300 அடிக்குள், அதாவது கிட்டத்தட்ட 90 மீட்டருக்குள், ஆள் நடமாட்டம் கூடாது என்று கையேடுகளில் எழுதியிருப்பதை நம் தோப்புகளில் யாரும் பொருட்படுத்துவதில்லை. பின்னாலேயே தேங்காய் பொறுக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். கூட்டின் முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலித் திரை அறுந்திருந்தால் அதை மாட்டிய பிறகே வண்டி நகர வேண்டும். வரப்பு தாண்டக் கருவியை உயரத் தூக்கும்போது பி.டி.ஓ.வை அணைத்துவிடுவது தண்டுக்கும் நல்லது, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நல்லது.

அங்குலக் கணக்கு சில இடங்களில் உயிர்க் கணக்காகவும் மாறுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வனவிலங்குத் துறை, அரிய வகை ஆமைகள் திரியும் வயல்களில் 7 அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டச் சொல்கிறது. ஆபத்து வந்தால் ஓடாமல் ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்வது ஆமையின் குணம். கத்தி அதற்குமேல் போனால்தான் அது பிழைக்கும். நம் ஊர்ப் புதர்களில் தரையில் முட்டையிடும் மயிலும் கவுதாரியும் உண்டு. கூடு இருக்கும் இடம் தெரிந்தால் அதைச் சுற்றி விட்டுவிட்டு ஓட்டுவதுதான் வழி. நிலத்தின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வராமல் நடுவிலிருந்து வெளியே ஓட்டினால் குஞ்சுகளுக்கும் முயலுக்கும் தப்பிக்க இடம் கிடைக்கும்.

தென்னந்தோப்பில் வேறு சில கணக்குகளும் சேர்ந்துகொள்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இடைவெளி 25 அடிக்கு 25 அடி. மரத்தைச் சுற்றி உரமும் நீரும் போகும் வட்டப்பாத்தியின் ஆரம் 1.8 மீட்டர். இரு மரத்துக்கும் பாத்தி போக நடுவில் மிஞ்சுவது ஏறக்குறைய 4 மீட்டர். ஐந்தடி ஸ்லாஷரை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி மூன்று ஓட்டு ஓட்டினால் அது முடிந்துவிடும். நான்காவது ஓட்டில் பாத்திக்குள்ளும் நுழைந்துவிடலாம் என்ற ஆசைதான் வம்பு. பாத்திக்கரை மேடாக இருக்கும், ஒரு டயர் அதில் ஏறியதும் மறுபக்கக் கத்தி மண்ணைச் சீவும். சொட்டுநீர்க் குழாயும் அங்கேதான் கிடக்கும். தரையில் படுத்திருக்கும் குழாயைத் தாண்டிப் போக ஐந்து அங்குலம் தாராளம். ஆனால் வெயிலில் வளைந்து எழும்பிய குழாயும் அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் நுண்குழாயும் மாட்டினால் கத்தித் தண்டில் சுற்றிக்கொண்டு, மணிக்கணக்கில் உட்கார்ந்து அறுத்தெடுக்க வேண்டியிருக்கும். பாத்திக்குள் கைக்களைதான்.

உயரத்தால் தீராத களையும் உண்டு. சீமைக்கருவேலத்தை இரண்டு அங்குலத்தில் வெட்டினாலும் ஆறில் வெட்டினாலும் ஒன்றுதான். அதன் மொட்டுகள் மண்ணுக்குக் கீழே வேர்க்கழுத்தில் இருப்பதால், ஒற்றைத் தண்டாக நின்றது வெட்டிய பிறகு புதராகக் கிளம்பும். போதாக்குறைக்கு, தாழ வெட்டிய தண்டு கூராகச் சாய்ந்து நின்று, அடுத்த முறை வரும் டிராக்டரின் டயரைக் குத்தும். அதை வேரோடு பெயர்க்க ஜே.சி.பி.யைத்தான் கூப்பிட வேண்டும்.

டிராக்டரோடு ஸ்லாஷரையும் வாடகைக்கு எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. வண்டி நேற்று எந்த நிலத்தில் ஓடியதோ அந்த நிலத்தின் உயரத்தில்தான் இன்று வந்து நிற்கும். முள் புதரில் எட்டு அங்குலத்தில் ஓடியிருக்கலாம், வேறெங்கோ மூன்றில் ஓடியிருக்கலாம். டிரைவருக்கும் அடுத்த தோப்புக்குப் போகும் அவசரம். மீட்டர் ஓடத் தொடங்கும் முன் களத்தில் நிறுத்தி, “அண்ணா, அஞ்சு அங்குலம் வெச்சுக்குங்க, வால் சக்கரத்தையும் பாத்துக்குங்க” என்று சொல்லி அளக்கச் சொன்னால், பழகிய டிரைவருக்குக் கால் மணி நேரம் போதும். சொந்தக் கருவி வைத்திருப்பவர்கள், ஒருமுறை சரியாக அமைந்த உயரத்தில் லிவர் நிற்கும் இடத்தையும் வால் சக்கரத்தின் துளையையும் பெயிண்ட் தொட்டு அடையாளம் வைத்துவிட்டால் அடுத்த முறை அளவு எடுக்கும் நேரம் பாதியாகக் குறையும். டயரோ கத்தியோ மாற்றிய நாளில் மட்டும் அந்த அடையாளத்தை நம்பாமல் புதிதாக அளந்துகொள்ள வேண்டும்.